கேவிஏ வேறு, கிலோவாட் வேறு

ஜெனரேட்டர் தகட்டில் 5 கேவிஏ என்று போட்டிருந்தால் 5 கிலோவாட் கிடைக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் கேவிஏ என்பது ஜெனரேட்டர் தாங்கும் மொத்த மின்சுமை; அதில் உண்மையில் வேலைக்கு ஆகும் கிலோவாட்டின் பங்குதான் பவர் ஃபேக்டர். அது 0.8 என்றால் 5-ஐ 0.8-ஆல் பெருக்குங்கள்; கையில் வருவது 4 கிலோவாட்தான்.

அப்புறம் மோட்டார். ஓடும்போது 750 வாட் இழுக்கும் என் தண்ணீர் மோட்டார், கிளம்பும் அந்த ஓரிரு நொடியில் அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் கேட்கும். இதுதான் சர்ஜ். முதல் நாள் விளக்கெல்லாம் மங்கி, எஞ்சின் முக்கி முனகி நின்றே போனது. இப்போது மோட்டாரை முதலில் போட்டு, அது சீரான பிறகே மற்றதை ஒவ்வொன்றாகப் போடுகிறேன்.

தகட்டில் 'ஸ்டாண்ட்பை' என்றிருப்பது மின்வெட்டு நேரத்துக்கான அளவு. நாள் முழுக்க ஓட்டுவதென்றால் 'பிரைம்' அளவைப் பாருங்கள், சற்றுக் குறைவாக இருக்கும்.

சேஞ்ச்ஓவர் சுவிட்ச் (வெளி லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டுமே வீட்டோடு இணைக்கும் சுவிட்ச்) இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டு லைனில் இணைக்கவே கூடாது. உங்கள் மின்சாரம் வெளிக்கம்பியில் ஏறி, அங்கே வேலை செய்கிறவரைத் தாக்கிவிடும்.