பட்டறைக் கத்திக்குத் தோலுறை தைத்து இடுப்பில் மாட்டும் முறை

லாரியின் பழைய கமான் பட்டையைக் கொல்லரிடம் கொடுத்து அடித்து வாங்கிய முகாம் கத்தி ஒன்று என்னிடம் இருக்கிறது. அலகு 7 அங்குலம், முதுகு 4 மில்லிமீட்டர். சுள்ளி பிளக்கவும் கூடார முளை சீவவும் அதைவிட நல்ல கருவியை நான் கண்டதில்லை. ஆனால் பட்டறையில் கத்தியைச் செய்தித்தாளில் சுற்றித்தான் தருவார்கள். உறை நம் பொறுப்பு. இரண்டு உறைகளைக் கெடுத்துவிட்டு மூன்றாவதில் எனக்குக் கைகூடிய முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் தோல். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட, 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள மாட்டுத்தோலையே கேட்டு வாங்குங்கள். சென்னையில் பெரியமேட்டுக் கடைகளில் துண்டாகவும் கிடைக்கும். குரோமியத்தில் பதனிட்ட மென்மையான தோல் விலை குறைவுதான் என்றாலும், நனைத்து அழுத்தினால் வடிவம் பிடிக்காது. அதில் தங்கும் உப்பு கமான் பட்டை இரும்பில் துருவையும் ஏற்றும்.

அடுத்து அச்சு. தடித்த தாளில் கத்தியைப் படுக்கவைத்து வரைந்து, பின் அதைத் தூக்காமல் முதுகின்மேலேயே உருட்டி மறுபக்கம் சாய்த்து மீண்டும் வரையுங்கள். உருட்டினால்தான் முதுகின் தடிமனுக்குரிய இடம் தானாகவே அச்சில் சேரும். கத்தியின் வாய்ப்பக்கம், அதாவது வெட்டும் ஓரத்தின் பக்கம், 15 மில்லிமீட்டர் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். இடுப்பு வார் நுழையும் பட்டையைத் தனியாக வெட்டி, உறையை மடிப்பதற்கு முன்பே பின்பக்கத்தில் தைத்துவிடுங்கள். மடித்த பிறகு உள்ளே ஊசி எட்டாது.

என்னைக் கவிழ்த்தது இடைவார். உறையின் இரு பக்கங்களுக்கும் நடுவே, கத்தியின் வாய் நெடுக வைக்கும் 12 மில்லிமீட்டர் அகலத் தோல் பட்டையைத்தான் அப்படிச் சொல்கிறேன். முதல் உறையில் அதை வைக்காமல் இரு ஓரங்களையும் நேரடியாகச் சேர்த்துத் தைத்திருந்தேன். ஒவ்வொரு முறை செருகும்போதும் கத்தியின் வாய் நூலைச் சிறிது சிறிதாக அறுத்து, மூன்றாவது பயணத்தில் நுனி வெளியே வந்து கால்சட்டையைக் கிழித்தது. தொடை தப்பியது தற்செயல். இரண்டாம் உறையில் இடைவார் வைத்தேன், ஆனால் அதன் மேல்முனையைச் சதுரமாக விட்டதால், செருகும்போதெல்லாம் அலகின் அடிமுனை அதில் இடித்துத் தோலைச் செதுக்கியது. ஆகவே உறையின் வாயருகே இடைவாரின் உள்ளோரத்தை ஒரு கட்டைவிரல் நீளத்துக்குச் சரிவாகச் சீவிவிடுங்கள். அதன் எஞ்சிய உள்ளோரம் அலகின் வளைவை அப்படியே பின்பற்ற வேண்டும். உங்கள் கத்தியின் முதுகு 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் இரண்டு இடைவார்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுங்கள்.

ஒட்டுவதற்குச் செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் மஞ்சள் ரப்பர் பசை போதும். இரு பரப்பிலும் பூசி, ஒட்டும் பதம் வரும்வரை உலரவிட்டு அழுத்துங்கள். பிறகு 5 மில்லிமீட்டர் இடைவெளியில் துளையிட்டு, ஒரே மெழுகு நூலின் இரு நுனிகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரு ஊசிகளும் எதிரெதிராகக் கடக்கும்படி தையுங்கள். தையல் இயந்திரத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் ஒரு கண்ணி அறுந்தால் அடுத்தடுத்தவையும் தளரும். இரட்டை ஊசித் தையலில் மற்றவை நிற்கும். நுனியில் மட்டும் தண்ணீர் வடிய ஒரு சிறு துளை விடுங்கள்.

தைத்த உறையை வெதுவெதுப்பான நீரில் சில நிமிடங்கள் நனைத்து, எண்ணெய் பூசி நெகிழித்தாளில் சுற்றிய கத்தியைச் செருகி, விரலால் அழுத்தி வடிவம் கொடுத்து, நிழலில் ஒரு முழு நாள் உலர்த்துங்கள்.

இனி மாட்டும் முறை. வலக்கைக்காரர் வலப்பக்க இடுப்பில், சற்றுப் பின்தள்ளி மாட்டுவது நல்லது. முன்பக்கம் மாட்டினால் குனியும்போது பிடி வயிற்றில் குத்தும், விழுந்தால் நுனி தொடையை நோக்கும். நடுமுதுகில் மாட்டினால் முதுகெலும்பின்மேல் விழ நேரிடும். பனையேறிகள்கூடப் பாளை அரிவாளை அரிவாள் பெட்டிக்குள் வைத்துத்தான் இடுப்பில் கட்டுகிறார்கள். உருவும்போது உறையின் தையல் பக்கத்தைச் சுற்றி விரல்களை வளைக்காதீர்கள்; தையல் விட்டுப்போனால் முதலில் அறுபடுவது அவைதாம். முதுகுப் பையின் இடுப்புவார் பிடியோடு உரசுவதால், நடக்கும்போது நான் கத்தியைப் பைக்குள் நெட்டாக வைத்துவிட்டு, முகாம் சேர்ந்த பின்னரே மாட்டுகிறேன். வீடு திரும்பியதும் துடைத்து, தையல் இயந்திர எண்ணெய் தடவி, உறைக்கு வெளியே வைக்கிறேன்.

பின்சேர்க்கை: பேருந்தில் கொண்டுபோகலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுத வகையில் சேர்க்கின்றன. வீட்டுக்கும் வேளாண்மைக்கும் என்றே செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. அளவு குறைவாக இருந்தாலும் காவலர் கேட்டால் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால், உறையோடு துணியில் சுற்றிப் பையின் அடியில் வையுங்கள். சரணாலயங்களுக்கு விதியே வேறு. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், எழுத்துமூல முன்அனுமதியின்றி ஆயுதத்துடன் உள்ளே நுழைவதை 31ஆம் பிரிவில் தடுக்கிறது. ஆயுதம் என்பதற்கு அது தரும் விளக்கத்தில் கத்தியும் இருக்கிறது. முதுமலைப் பக்கம் போகும்போது என் கத்தி வீட்டிலேயே இருக்கும்.