சொந்த மெயில் சேர்வர்: காசு கட்ட முதல் இரண்டு கேள்வி

கொக்குவிலில் எங்கட அச்சகத்துக்கு வரும் கலியாணக் கார்ட் ஓடர்களில் கனக்க வெளிநாட்டில் இருந்துதான். மாதிரியை மெயிலில் அனுப்புவோம். பெயரும் முகூர்த்த நேரமும் பார்த்து அவர்கள் "சரி" சொன்னால்தான் மெஷின் ஓடும். ஒருநாள் இரவு ரொறன்ரோவில் இருந்து பெண்ணின் தகப்பன் எடுத்தார். "தம்பி, கார்ட் இன்னும் வரேல்லையே?" மூன்று நாளாக அவருடைய ஸ்பாமுக்குள் கிடந்திருக்கிறது.

சொந்த மெயில் சேர்வருக்கு, மெயிலை அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸும், வந்ததைப் பெட்டியில் வைத்து வாசிக்கத் தரும் டவ்கொட்டும் போட ஒரு பின்னேரம் போதும். மற்ற சேர்வர்கள் எங்களை நம்ப எனக்கு ஒரு மாதம் போனது. அதனால் அந்தப் பக்கத்தைத்தான் விரிவாகச் சொல்கிறேன்.

கிளவுட் நிறுவனத்துக்குக் காசு கட்ட முதல் இரண்டு விஷயம் எழுதிக் கேளுங்கள். வெளியே போகும் 25ஆம் போர்ட், அதாவது மற்ற சேர்வர்களுக்கு மெயில் போகும் வாசல், திறந்திருக்கிறதா? சேர்வரின் ஐபி முகவரிக்கு பிடிஆர் பதிவு (இந்த ஐபி எந்தப் பெயருக்கு உரியது என்று சொல்வது) வைக்க விடுவார்களா? ஸ்பாம் அனுப்புகிறவர்களுக்குப் பயந்து பல இடங்களில் 25ஐ மூடித்தான் வைத்திருப்பார்கள். நான் கேட்காமல் ஒரு மாதக் காசைக் கட்டி, பிறகு வேறு இடம் மாறினேன். ஐபி கிடைத்த உடனே, ஸ்பாம் அனுப்பும் ஐபிகளைத் தொகுக்கும் ஸ்பாம்ஹவுஸ் பட்டியலில் தேடிப் பாருங்கள். முன்பு வைத்திருந்தவர் செய்த பிழை உங்கள் தலையில் விழுந்திருக்கலாம். இருந்தால் வேறு ஐபி கேளுங்கள்.

பிடிஆர் காட்டும் பெயரும், அந்தப் பெயரின் ஏ பதிவு காட்டும் ஐபியும், போஸ்ட்ஃபிக்ஸ் தன்னை அறிமுகப்படுத்தும் பெயரும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்.

அடுத்தது டிஎன்எஸ்ஸில், அதாவது உங்கள் டொமைன் பெயரின் விவரங்களை எல்லோரும் பார்க்கும் பதிவேட்டில், மூன்று பதிவு. எந்த ஐபி உங்கள் பெயரில் அனுப்பலாம் என்று எஸ்பிஎஃப் சொல்லும். ஒரு டொமைனுக்கு ஒன்றுதான், இரண்டு வைத்தால் இரண்டும் செல்லாது. டிகிம் ஒவ்வொரு மெயிலிலும் கையெழுத்து வைக்கும். டிமார்க், இவை பொருந்தாவிட்டால் என்ன செய்வதென்று மற்றப் பக்கத்துக்குச் சொல்லும்; முதலில் "none" (ஒன்றும் செய்ய வேண்டாம்) என்று வைத்து அறிக்கைகளைப் பாருங்கள்.

என்னைக் கவிழ்த்தது டிகிம். கையெழுத்தைச் சரிபார்க்க டிஎன்எஸ்ஸில் வைக்கும் 2048 பிட் சாவி நீளமானது. அதை வைக்கும் டிஎக்ஸ்டி (TXT) பதிவில் ஒரு துண்டுக்கு 255 எழுத்துத்தான் இடம். நான் ஒரேயடியாக ஒட்ட, கடைசிப் பகுதி வெட்டுப்பட்டுப் போனது. எந்தப் பிழையும் காட்டவில்லை, கையெழுத்து மட்டும் பொருந்தவில்லை. மேற்கோள் குறிக்குள் இரண்டு துண்டாகப் பிரித்துப் போட்டேன், சரி வந்தது. ஒட்டிய பிறகு, டிஎன்எஸ் பதிவைக் கேட்டுக் காட்டும் டிக் (dig) கட்டளையால் திருப்பி எடுத்து, கடைசி எழுத்து வரை ஒப்பிடுங்கள். கார்டில் மாப்பிள்ளையின் பெயரை நாங்கள் எழுத்தெழுத்தாகப் பார்ப்பது மாதிரி.

உங்கள் ஆட்கள் மெயில் அனுப்ப 465 அல்லது 587ஆம் போர்ட், வாசிக்க 993. கடவுச்சொல் இல்லாமல் யாரையும் வெளியே அனுப்ப விடாதீர்கள். விட்டால் கெதியில் ஸ்பாம் பட்டியலில் ஏறிவிடுவீர்கள். இணைப்பை மறைகுறியாக்க இலவசமாகத் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் வழமையாக 90 நாள்தான். அது தானாகப் புதுப்பித்தாலும் டவ்கொட் பழையதையே பிடித்திருக்கும். புதுப்பித்ததும் டவ்கொட் தானாக ரீலோட் ஆகும்படி ஒரு ஹூக் (புதுப்பித்த பிறகு ஓடும் கட்டளை) வையுங்கள்.

ஜிமெயிலுக்கு ஒன்று அனுப்பி, "மூலத்தைக் காட்டு" (Show original) என்பதில் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் "பாஸ்" என்று வருகிறதா பாருங்கள். முதல் சில கிழமை கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புங்கள். நான் தெரிந்த வாடிக்கையாளர்களுக்கு மட்டும் அனுப்பி, "பதில் போடுங்கோ" என்று கேட்டேன்.

சேர்வர் சில மணித்தியாலம் விழுந்தால் பதற வேண்டாம். போஸ்ட்ஃபிக்ஸ் மாதிரியான அனுப்பும் சேர்வர்கள் வழமையாக 5 நாள் வரை திரும்பத் திரும்ப முயலும். ஆனால் வந்து சேர்ந்த மெயில்களுக்கு உங்களைத் தவிர வேறு காவல் இல்லை. ஒவ்வொரு இரவும் வேறோர் இடத்துக்குப் பிரதி எடுங்கள்; மாதம் ஒருக்கால் அதிலிருந்து ஒரு மெயிலைத் திறந்து பாருங்கள்.