அமாட்டிக் எழுத்துருவில் ஊறுகாய் பாட்டிலுக்கு ஒரு லேபிள்

பாட்டில் லேபிளில் உயரம் தாராளமாக இருக்கும், அகலம்தான் பற்றாது. அந்தக் குறைக்கென்றே வரைந்ததுபோல் இருப்பது அமாட்டிக் எஸ்சி. வரைந்தவர் வெர்னன் ஆடம்ஸ். ஆஸ்வால்ட் எழுத்துருவும் அவருடையதே. ஒல்லியாக, நெடுநெடுவென்று, கோடுகள் லேசாக ஆடி, கையால் எழுதியதுபோலவே இருக்கும். வீட்டில் செய்த பொருளுக்கு இது அவ்வளவு பொருத்தம்!

படி 1: கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் தேடி இறக்குங்கள். இலவசம்தான். ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸில் வருவதால் விற்கும் பொருளின் லேபிளிலும் போடலாம். ஜிப் கோப்பைப் பிரித்தால் ரெகுலர், போல்டு என்று இரண்டு இருக்கும். விண்டோஸில் ஒவ்வொன்றின் மீதும் ரைட் கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுங்கள்.

படி 2: இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளைத் திறந்து பக்க அளவை 60 மி.மீ. அகலம், 80 மி.மீ. உயரம் என்று மாற்றுங்கள்.

படி 3: இதுதான் முக்கியமான இடம். டெக்ஸ்ட் கருவியை எடுத்து, ஆங்கிலத்தில் 'லெமன் பிக்கிள்' என்று தட்டுங்கள். அமாட்டிக், போல்டு, 36 பாயிண்ட். சின்ன எழுத்தில் தட்டினாலும் பெரிய எழுத்தின் வடிவம்தான் வரும், பயப்பட வேண்டாம். ஏரியலில் இதே அளவு வைத்தால் பெயரை இரண்டு வரியாக உடைக்க வேண்டியிருக்கும். இங்கே ஒரே வரியில் அடங்கிவிடும். அப்படி மிச்சமாகும் அகலத்தைப் பெயரைப் பெரிதாக்கத்தான் செலவிட வேண்டும், இன்னும் நாலு வார்த்தை சேர்க்க அல்ல. எழுத்துகள் நெருக்கமாகத் தெரிந்தால் இடைவெளியைக் கொஞ்சம் கூட்டுங்கள். ரெகுலரின் கோடு மிக மெல்லியது; திரையில் அழகாகத் தெரியும், அச்சில் மங்கிவிடும். லேபிளுக்கு எப்போதும் போல்டுதான்.

படி 4: எடை, விலை, சேர்மானம் போன்ற விவரங்களை அமாட்டிக்கில் போடவே போடாதீர்கள். சிறிய அளவில் அதைப் படிக்க முடியாது. பிரியா ரவிச்சந்திரனின் கட்டமரன் எழுத்துருவில் வையுங்கள். தமிழ், ஆங்கிலம் இரண்டுமே அதில் தெளிவாக இருக்கும்.

சரி, பெயரைத் தமிழிலும் போட வேண்டுமா? அமாட்டிக்கில் தமிழ் எழுத்துகள் கிடையாது. தட்டினால் மென்பொருள் சத்தமில்லாமல் வேறு எழுத்துருவைப் போட்டுவிடும். தாரிக் அஸீஸ் வடிவமைத்த கவிவாணர் எழுத்துருவை எடுத்துக்கொள்ளுங்கள். பேனாவால் சாய்த்து எழுதியதுபோல் இருக்கும், அமாட்டிக்கோடு நன்றாகச் சேரும். ஆனால் ஊ, சை, று எல்லாம் தமிழில் இயல்பாகவே அகலமானவை. அதனால் 'எலுமிச்சை' ஒரு வரி, 'ஊறுகாய்' அடுத்த வரி.

படி 5: சாதாரணத் தாளில் உண்மையான அளவிலேயே அச்சிட்டு, வெட்டி, பாட்டிலில் சுற்றிப் பாருங்கள். வளைவில் பெயரின் இரு ஓரமும் மறைந்தால் அளவைக் குறையுங்கள். அப்புறம் கோப்பை ஒரு நகல் எடுத்து, அந்த நகலில் மட்டும் எழுத்துகளைத் தேர்ந்து 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுத்து (எழுத்தைக் கோட்டு வடிவமாக மாற்றும் கட்டளை) அச்சகத்துக்கு அனுப்புங்கள். அவர்கள் கணினியில் இந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் லேபிள் மாறாது.