என்ஆர்ஓ டெபாசிட்டில் பிடித்த வரியைத் திரும்ப வாங்குவது எப்படி? சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கான செய்முறை

இங்கே வங்கியில் போட்ட பணத்துக்கு வரும் வட்டிக்குத் தனிநபர் வரி கட்டுவதில்லை. அதே பழக்கத்தில் ஊரிலுள்ள என்ஆர்ஓ கணக்கின் (வெளிநாட்டில் இருப்பவர் இந்திய வருமானத்தைப் போட்டுவைக்கும் ரூபாய்க் கணக்கு) ஸ்டேட்மென்ட்டைத் திறந்தால் பகீரென்று இருக்கும். வட்டியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கைக் காணோம்! 30 சதவீத வரி, அந்த வரியின் மேல் செஸ் என்ற கூடுதல் வரி 4 சதவீதம், ஆக மொத்தம் 31.2 சதவீதம் டிடிஎஸ், அதாவது வங்கியே முன்கூட்டிப் பிடித்துக்கொள்ளும் வரி. ஊரில் இருப்பவருக்கு ஒரு வரம்பு வரை பிடிக்க மாட்டார்கள். நமக்கு முதல் ரூபாயிலிருந்தே கத்தரி.

தேக்காவில் யாரைக் கேட்டாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "ஐராஸ்ல சர்டிபிகேட் வாங்கி பேங்க்ல கொடுங்க, 15 பர்சென்ட்தான் பிடிப்பாங்க." தப்பில்லை. ஐராஸ் என்கிற சிங்கப்பூர் வரித் துறை தரும் குடியிருப்புச் சான்றிதழைக் காட்டினால், இந்திய-சிங்கப்பூர் வரி ஒப்பந்தப்படி அந்த விகிதம்தான். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு உண்மையான வரி அந்தப் பதினைந்தை விடவும் குறைவு. இந்தியாவில் வருமான வரி ரிட்டர்ன் போட்டால் மிச்சமெல்லாம் திரும்பி வந்துவிடும். அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

எல்லாமே 2025-26 நிதியாண்டின் வட்டிக்கானது, அதாவது 2026 மார்ச் 31 வரை வந்தது. ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டாலும், இந்த ரிட்டர்னுக்குப் பழைய 1961 சட்டம்தான்.

முதல் படி: நாள் கணக்கு

ஏப்ரல் முதல் மார்ச் வரை இந்தியாவில் மொத்தம் எத்தனை நாள் இருந்தீர்கள் என்று எண்ணுங்கள். இங்கே வேலை பார்த்துக்கொண்டு விடுமுறைக்கு மட்டும் ஊர் போகிறவர் 182 நாளுக்குக் கீழே இருந்தால் பொதுவாக என்ஆர்ஐ, அதாவது வரிச் சட்டப்படி இந்தியாவில் குடியிராதவர். இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டினால் வரம்பு 120 நாளாகச் சுருங்கும். ஊரிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று மாதக்கணக்கில் தங்கியவர்கள் இந்த இடத்தில் கவனமாக இருங்கள். போய் இறங்கிய நாளைச் சேர்ப்பதா விடுவதா என்பது தீர்ப்பாயம் வரை போன தகராறு. இறங்கிய நாள், கிளம்பிய நாள் இரண்டையும் சேர்த்தே எண்ணிவிடுங்கள், அப்போதும் வரம்புக்குள் இருந்தால் கவலையில்லை.

இரண்டாம் படி: பான் உயிரோடு இருக்கிறதா?

ஆதாரை பானோடு இணைக்கும் கட்டாயம் என்ஆர்ஐக்கு இல்லை. ஆனால் நீங்கள் என்ஆர்ஐ என்பது வரித் துறையின் பதிவில் ஏறியிருக்க வேண்டும். அப்படி ஏறாததால் 2023 ஜூலையில் வெளிநாட்டுத் தமிழர் பலருடைய பான் முடங்கிப்போனது. முடங்கிய பானுக்கு ரீஃபண்ட் வராது. இ-ஃபைலிங் தளத்தில் நுழைந்ததும் சுயவிவரப் பக்கத்தில் குடியிருப்பு நிலையை முதலில் பாருங்கள். அங்கேயே உங்கள் என்ஆர்ஓ கணக்கை 'வேலிடேட்' செய்து, ரீஃபண்ட் அதில் விழ வேண்டும் என்று குறித்துவிடுங்கள்.

மூன்றாம் படி: 26ஏஎஸ்

அதே தளத்திலிருந்து 26ஏஎஸ் (உங்கள் பெயரில் பிடித்த வரியின் பட்டியல்), ஏஐஎஸ் (ஆண்டுத் தகவல் அறிக்கை) இரண்டையும் இறக்கிக்கொள்ளுங்கள். வங்கி பிடித்த ஒவ்வொரு தொகையும் 195 என்ற பிரிவு எண்ணோடு இருக்கும். வங்கி தரும் 16ஏ என்ற டிடிஎஸ் சான்றிதழோடு ஒத்துப்பாருங்கள். வித்தியாசம் இருந்தால் ரிட்டர்ன் போடும் முன்பே வங்கிக்கு எழுதுங்கள். 26ஏஎஸ்-இல் இல்லாத டிடிஎஸ்ஸைக் கேட்டு நிற்பது வீண் அலைச்சல்.

நான்காம் படி: கணக்கு

பழைய 1961 சட்டத்திலேயே இருக்கும் 'புதிய வரி முறை'யில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், 8 முதல் 12 வரை 10, 12 முதல் 16 வரை 15, 16 முதல் 20 வரை 20, 20 முதல் 24 வரை 25, அதற்கு மேல் 30. இந்தப் படிநிலை என்ஆர்ஐக்கும் உண்டு. 12 லட்சம் வரை வரியே இல்லை என்று ஊரில் சொல்கிறார்களே, அது 87ஏ தள்ளுபடி. இந்தியாவில் குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான், நமக்குக் கிடையாது.

40 லட்சம் ரூபாயை 7 சதவீதத்துக்குப் போட்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். வட்டி 2,80,000. வங்கி பிடித்தது 87,360. ஊரில் வேறு வருமானம் இல்லையென்றால் கட்ட வேண்டிய வரி பூஜ்யம், 87,360-ம் திரும்பி வர வேண்டிய பணம். 15 சதவீதச் சான்றிதழோடு நின்றிருந்தால் 42,000 போயிருக்கும்.

பெரிய தொகைக்கும் பார்ப்போம். வட்டி 12 லட்சம் என்றால் பிடித்தது 3,74,400. படிநிலைப்படி வரி 60,000, செஸ்ஸோடு 62,400. ஒப்பந்த விகிதத்தில் 1,80,000. நான் போட்டுப் பார்த்த வரையில், வேறு வருமானம் இல்லாதவருக்கு வட்டி சுமார் 27 லட்சத்தைத் தாண்டும்போதுதான் அந்த 15 சதவீதம் லாபமாகிறது. அவ்வளவு வட்டி வாங்குகிறவர் இந்தப் பதிவைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார், ஆடிட்டர் வைத்திருப்பார்.

ஐந்தாம் படி: ஐடிஆர்-2

ஐடிஆர்-1 என்ற எளிய ரிட்டர்ன் படிவம் என்ஆர்ஐக்கு இல்லை. ஐடிஆர்-2-இல் மதிப்பீட்டு ஆண்டு 2026-27 என்று தேர்ந்தெடுங்கள். குடியிருப்பு நிலையில் 'நான்-ரெசிடென்ட்', நாடு சிங்கப்பூர், வரி அடையாள எண் கேட்கும் இடத்தில் உங்கள் என்ஆர்ஐசி அல்லது ஃபின் எண். வட்டியை 'இதர வருமானம்' பகுதியில் காட்டுங்கள். டிடிஎஸ் பிடித்தது போகக் கைக்கு வந்ததை இல்லை, முழு வட்டியை. என்ஆர்இ கணக்கின் (வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை அனுப்பிப் போடும் கணக்கு) வட்டி இருந்தால் அது வரிவிலக்கு வருமானப் பட்டியலுக்குப் போகும்.

கடைசி நாள் ஜூலை 31. டிடிஎஸ் 25,000 ரூபாயைத் தொட்டாலே, வருமானம் 4 லட்சத்துக்குக் கீழே இருந்தாலும், ரிட்டர்ன் கட்டாயம். தவறவிட்டால் டிசம்பர் 31 வரை 1,000 அல்லது 5,000 ரூபாய் தாமதக் கட்டணத்தோடு போடலாம்.

ஆறாம் படி: சரிபார்ப்பு

ரிட்டர்னைப் போட்டது நீங்கள்தான் என்று உறுதிப்படுத்த வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். ஆதார் ஓடிபி இந்திய எண்ணுக்குத்தான் வரும், அந்த சிம் எப்போதோ செத்திருக்கும். இந்திய வங்கியின் நெட் பேங்கிங் வழியாகச் சரிபார்ப்பது எளிது. அதுவும் இல்லையென்றால் ஐடிஆர்-வி என்ற ஒப்புகைத் தாளில் கையெழுத்திட்டு பெங்களூரு சிபிசி-க்கு (வரித் துறையின் மையச் செயலாக்க அலுவலகம்) அஞ்சலில் அனுப்ப வேண்டும், அதுவும் 30 நாளுக்குள்.

அப்படியானால் ஐராஸ் சான்றிதழ் எதற்கு?

ரீஃபண்டுக்குக் காத்திருக்க முடியாது, ஆரம்பத்திலேயே குறைவாகப் பிடிக்கட்டும் என்பவர்களுக்கு. மைடாக்ஸ் போர்ட்டலில் சிங்பாஸோடு நுழைந்து விண்ணப்பிக்கலாம். அந்தச் சான்றிதழ் காலண்டர் ஆண்டுக்கானது, இந்திய நிதியாண்டோ இரண்டு காலண்டர் ஆண்டுகளில் கால் வைக்கிறது. அதனால் வங்கி இரண்டு ஆண்டுகளின் சான்றிதழையும் கேட்கலாம். கூடவே ஒப்பந்தச் சலுகை கேட்பதற்கான, 10எஃப் என்று இதுவரை பழகிய படிவத்தையும் இந்தியத் தளத்தில் ஆன்லைனில் நிரப்ப வேண்டும்.

இதில் இன்னொரு சிக்கல். இந்திய-சிங்கப்பூர் ஒப்பந்தத்தின் 24-வது பிரிவின்படி, ஒரு வருமானத்துக்கு சிங்கப்பூர் இங்கே வந்து சேர்ந்த தொகைக்கு மட்டும் வரி போடும் என்றால், அந்தத் தொகைக்கு மட்டுமே இந்தியாவில் சலுகை. 2016-இல் மேர்ஸ்க் மிகாகே கப்பல் வழக்கில் குஜராத் உயர் நீதிமன்றம் இந்தப் பிரிவு பொருந்தாது என்றது. காரணம், அந்தக் கப்பல் வருமானம் முழுவதற்கும் சிங்கப்பூரில் வரி உண்டு என்று ஐராஸே எழுதிக் கொடுத்திருந்தது. தனிநபரின் ஊர் வட்டிக்கு இங்கே வரியே இல்லை. ஆகவே அந்தத் தீர்ப்பை அப்படியே நம் பக்கம் இழுக்க முடியாது, அதிகாரி கேள்வி கேட்க இடமிருக்கிறது. படிநிலைப்படி ரிட்டர்ன் போட்டால் இந்த வம்பு எதுவும் கிடையாது.

ரீஃபண்டோடு மாதத்துக்கு அரை சதவீதம் வட்டியும் சேர்ந்து வரும். அதற்கும் வரி உண்டு, அடுத்த ரிட்டர்னில் காட்டிவிடுங்கள்.