லினக்ஸ் சென்சார் டிரைவர்: பஃபர் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் பக்கம் புதிதாக வருகிறவர்களின் சென்சார் டிரைவர்களை ரிவ்யூ செய்ய உட்காரும்போதெல்லாம், ஒரு காலத்தில் நானும் எழுதிய அதே வரிகள் எதிரே வந்து நிற்கின்றன. ரிட்டர்ன் மதிப்பைப் பார்க்காதது, எர்ரர் வந்தால் மெமரியை விடுவிக்காதது போன்றவற்றை யாராவது முதல் பார்வையிலேயே சுட்டிக்காட்டிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆன பிறகும் உள்ளே ஒளிந்திருக்கும் தவறுகளைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

லினக்ஸில் ஆக்சிலரோமீட்டர், ஏடிசி (அனலாக் சிக்னலை எண்ணாக்கும் சிப்), அழுத்தமானி போன்றவை ஐஐஓ (இண்டஸ்ட்ரியல் ஐ/ஓ) என்ற துணை அமைப்பின் கீழ் வருகின்றன. ஜோனதன் கேமரன் தொடங்கியது; 2009-இல் கர்னலின் ஸ்டேஜிங் பகுதிக்குள் (இன்னும் பக்குவப்படாத கோடு இருக்கும் இடம்) வந்தது. சென்சாரிலிருந்து தரவு எடுக்க இதில் இரண்டு வழி உண்டு. கர்னல் தன் தகவல்களை ஃபைல்களாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் ஒரு ஃபைலைப் படித்தால் ஒரு மதிப்பு வரும். நொடிக்கு நூற்றுக்கணக்கில் வேண்டும் என்றால் பஃபர்: இப்போது படி என்று சொல்லும் டிரிகர் அடித்ததும் டிரைவரின் ஹேண்ட்லர் ஓடி, இயக்கிவைத்த சேனல்களை எல்லாம் படித்து, ஒரு ஸ்கேனாகக் கட்டி உள்ளே தள்ளும். யூசர்ஸ்பேஸ் (கர்னலுக்கு வெளியே ஓடும்) புரோகிராம் அதை மொத்தமாக எடுத்துக்கொள்ளும். தவறுகள் பெரும்பாலும் இந்த ஹேண்ட்லரில்தான்.

டைம்ஸ்டாம்புக்கு இடம் விடாமல் பஃபர் கொடுப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதைப் பார்த்தால்தான்.

மூன்று அச்சு ஆக்சிலரோமீட்டர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அச்சுக்கும் 16 பிட். ஹேண்ட்லருக்குள் மூன்று உறுப்புள்ள 16 பிட் அரே ஒன்றை ஸ்டாக்கில் (ஃபங்ஷன் ஓடும்வரை மட்டும் இருக்கும் தற்காலிக மெமரியில்) வைக்கிறார்கள். மொத்தம் 6 பைட். சென்சாரைப் படித்து அதில் நிரப்பி, டைம்ஸ்டாம்புடன் தள்ளும் ஃபங்ஷனிடம் கொடுக்கிறார்கள். கோடு பார்க்க அழகாக இருக்கும். ஓடவும் ஓடும்.

ஆனால் அந்த ஃபங்ஷன் டைம்ஸ்டாம்பை வேறெங்கோ தனியாக வைப்பதில்லை. நீங்கள் கொடுத்த பஃபருக்குள்ளேயே எழுதுகிறது. ஐஐஓ-வின் விதிப்படி ஸ்கேனில் உள்ள ஒவ்வொன்றும் தன் அளவின் மடங்கில் உட்கார வேண்டும். டைம்ஸ்டாம்ப் 8 பைட். ஆகவே 6 பைட் தரவு, 2 பைட் காலி இடம், 8 பைட் டைம்ஸ்டாம்ப் என ஸ்கேன் 16 பைட் ஆகிறது. ஃபங்ஷன் ஸ்கேனின் மொத்த அளவை 8-ஆல் வகுத்து, கடைசிக் கட்டம் எது என்று பார்த்து, அங்கே நேரத்தை எழுதிவிடும். பஃபர் எவ்வளவு பெரியது என்று அது கேட்பதே இல்லை, ஏனென்றால் அதற்குப் போவது பாயின்டர் மட்டும்தான். உங்கள் அரே முடிவது 6-ஆவது பைட்டில். நேரம் விழுவது 8 முதல் 15 வரை. அந்த இடம் யாருடையது? ஒரு கம்பைலரில் பக்கத்து மாறியுடையதாக இருக்கும், இன்னொன்றில் ஸ்டாக் புரொடெக்டர் வைத்த காவல் மதிப்பாக இருக்கும்.

டைம்ஸ்டாம்ப் சேனலை இயக்கினால்தான் இது நடக்கும் என்பதுதான் இதில் கொடுமை. எழுதியவர் எக்ஸ், ஒய், இசட் மூன்றையும் இயக்கிப் பார்த்துவிட்டுத் திருப்தியாகிவிடுவார். மோட்டார் அதிர்வை அளக்கும் கருவி செய்த ஒரு குழுவுக்கு இதேதான் நடந்தது. மேசையில் எல்லாம் சரி. தொழிற்கூடத்தில் வைத்து, டைம்ஸ்டாம்பை இயக்கியதும் போர்டு தானாக ரீபூட் ஆகத் தொடங்கியது. பவர் சப்ளையைச் சந்தேகப்பட்டு மாற்றினார்கள். கேபிளை மாற்றினார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஹார்ட்வேரில் தேடினார்கள். சீரியல் கன்சோலை மாட்டிப் பார்த்தபோதுதான், ஸ்டாக் கெட்டுவிட்டது என்று கர்னலே ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுச் சாகிறது என்பது தெரிந்தது. மெமரித் தவறுகளைப் பிடிக்கும் கேஏசான் என்ற கர்னல் கருவியைப் போட்டு பில்ட் செய்திருந்தால் முதல் ஸ்கேனிலேயே வரி எண்ணோடு சொல்லியிருக்கும். டைம்ஸ்டாம்பை இயக்காமல் சோதித்த பஃபரை நான் சோதித்ததாகவே கணக்கில் எடுப்பதில்லை.

சரி, டைம்ஸ்டாம்புக்கும் சேர்த்து ஒரு ஸ்ட்ரக்ட் வைத்தால் தீர்ந்ததா? பாதிதான். 32 பிட் எக்ஸ்86-இல் 64 பிட் எண் ஸ்ட்ரக்டுக்குள் 4-இன் மடங்கில் உட்காரலாம். இரண்டு 16 பிட் சேனல் இருந்தால், உங்கள் டைம்ஸ்டாம்ப் உறுப்பு 4-ஆவது பைட்டில் தொடங்கி ஸ்ட்ரக்ட் 12 பைட்டோடு முடியும். ஐஐஓ-வோ 8 முதல் 15 வரை எழுதும். 4 பைட் வெளியே போய்விடும். எங்கும் 8-இன் மடங்கில்தான் உட்கார வேண்டும் என்று அலைன்மென்ட்டோடு அறிவிக்கும் வகையைத்தான் பயன்படுத்த வேண்டும்.

அப்புறம் நடுவில் உள்ள அந்த 2 பைட் காலி இடம். அதை யாரும் நிரப்புவதில்லை. ஆனால் யூசர்ஸ்பேஸுக்கு ஸ்கேனோடு சேர்ந்து போகிறது. ஸ்டாக்கில் அங்கே முன்பு இருந்த கர்னல் தரவு அப்படியே வெளியே கசிகிறது. நிரப்புவதற்கு முன் இடைவெளிகளும் சேர்த்து மொத்த ஸ்ட்ரக்டையும் சுழியாக்குங்கள். இல்லையென்றால் பஃபரை டிரைவரின் சொந்த ஸ்ட்ரக்டில் வையுங்கள். அது ஒதுக்கும்போதே சுழியாக்கப்பட்டது. பிறகு கசிந்தாலும் அதே சென்சாரின் பழைய அளவீடுதான் கசியும்.

இது அனுபவசாலிகளும் விழும் குழி. 2020-இல் கேமரன் பல டிரைவர்களில் இந்த அலைன்மென்ட், கசிவுப் பிழைகளைத் திருத்தப் பேட்ச் மேல் பேட்ச் அனுப்பினார். 2024 இறுதியில் கசிவுகளுக்காக இன்னொரு சுற்று திருத்தங்கள் வந்தன. அந்தச் சுற்றில் திருத்தப்பட்டவற்றில் ஒன்று, புதியவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ளவென்றே கர்னலில் வைத்திருக்கும் டம்மி டிரைவர்! பஃபரின் அளவையும் கேட்கும் புதிய ஃபங்ஷன் 2025-இல் வந்துவிட்டது. புதிதாக எழுதுகிறவர்கள் பழைய டிரைவரைக் காப்பி அடிக்காமல் அதைப் பயன்படுத்துங்கள்.

எர்ரர் வந்ததும் பாதியில் திரும்பிவிடுவது

ஹேண்ட்லர் முடியும்போது, முடிந்தது என்று டிரிகருக்குச் சொல்ல வேண்டும். சென்சாரோடு பேசும் கம்பித்தடமான பஸ்ஸில் வாசிப்பு தோற்றதும் அந்த வரியைத் தாண்டாமலே பலர் ரிட்டர்ன் செய்துவிடுகிறார்கள். இன்னும் வேலை நடக்கிறது என்று டிரிகர் நினைத்துக்கொண்டு, அடுத்து வரும் அடிகளை எல்லாம் விட்டுவிடும். ஐடூசி என்ற பஸ்ஸின் கம்பியில் ஒரே ஒரு தடுமாற்றம் போதும், தரவு வருவது நின்றுவிடும். படிக்கும் புரோகிராம் காத்துக்கொண்டே கிடக்கும். எந்த வழியில் வெளியேறினாலும் அந்த அழைப்பைத் தாண்டித்தான் போக வேண்டும்.

மதிப்பை இரண்டு முறை ஷிஃப்ட் செய்வது

12 பிட் மதிப்பை 16 பிட்டின் மேல் பகுதியில் வைக்கும் சிப்கள் நிறைய. 4 பிட் வலப்புறம் தள்ள வேண்டும் என்று ஸ்கேன் டைப்பில் (சேனலின் தரவு வடிவத்தைச் சொல்லும் அறிவிப்பில்) அறிவித்துவிட்டு, ஹேண்ட்லரிலும் தாங்களே தள்ளிவிடுகிறார்கள். யூசர்ஸ்பேஸ் இன்னொரு முறை தள்ளும். மேசைமேல் சும்மா கிடக்கும் சென்சார், புவியீர்ப்பு 9.8-க்குப் பதிலாக 0.61 என்று காட்டினால் இதுதான் காரணம். சிப் தந்த பைட்டுகளை அப்படியே தள்ளுங்கள். எண்டியன் (பைட்டுகளின் வரிசை), ஷிஃப்ட் எல்லாம் அறிவிப்பில் இருந்தால் போதும்.

பஃபர் ஓடும்போது ஒற்றை வாசிப்பை அனுமதிப்பது

பஃபர் ஓடாதபோது மட்டும் கிடைக்கும் டைரக்ட் மோடை முதலில் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பிஸி என்று திருப்பி அனுப்புங்கள்.

ஸ்டாக் பஃபரை எஸ்பிஐ-க்குக் கொடுப்பது

எஸ்பிஐ என்ற இன்னொரு பஸ்ஸின் கன்ட்ரோலர், டிஎம்ஏ வழியாக (சிபியு இல்லாமல் நேராக மெமரியில்) எழுதக்கூடும். ஸ்டாக் அதற்கு ஆகாது. பஃபரை டிரைவர் ஸ்ட்ரக்டின் கடைசியில், ஐஐஓ தரும் டிஎம்ஏ அலைன்மென்ட்டோடு வையுங்கள். நடுவில் வைத்தால் அதே கேஷ் லைனில் (சிபியு ஒரே கட்டாக எடுக்கும் மெமரித் துண்டில்) இருக்கும் பக்கத்து உறுப்பு கெட்டுப்போகலாம்.

ஃபிஃபோவில் வந்த எல்லாவற்றுக்கும் ஒரே நேரம் போடுவது

ஃபிஃபோ என்பது சிப்பு தன்னுள் சாம்பிள்களை வரிசையாகச் சேர்த்துவைக்கும் இடம். அதில் 100 ஹெர்ட்ஸில் 32 சாம்பிள் சேர்ந்ததும் இன்டரப்ட் வருகிறது என்றால், முதல் சாம்பிளுக்கும் கடைசிக்கும் ஏறக்குறைய 310 மில்லிசெகண்ட் இடைவெளி. 32-க்கும் ஒரே டைம்ஸ்டாம்ப் போட்டால், வேகம் கணக்கிடும் புரோகிராம் இரண்டு சாம்பிளுக்கு நடுவே சுழியால் வகுக்கும். இன்டரப்ட் வந்த கணத்திலேயே, பஸ்ஸைத் தொடுவதற்கு முன்பே நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முந்தைய இன்டரப்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சாம்பிள் எண்ணிக்கையால் வகுத்து, கடைசிச் சாம்பிளிலிருந்து பின்னோக்கிப் பங்கிடுங்கள். டேட்டாஷீட்டில் உள்ள 100 ஹெர்ட்ஸை அப்படியே நம்பிப் பங்கிடாதீர்கள். சிப்பின் உள் கடிகாரம் சூட்டுக்கு ஏற்ப நகரும்.

நேரத்தை கர்னலிடம் நேரடியாகக் கேட்பது

ஐஐஓ-வின் நேர ஃபங்ஷன் வழியாகவே கேளுங்கள். எந்தக் கடிகாரம் வேண்டும் என்று பயனர் சிஸ்எஃப்எஸ்ஸில் தேர்ந்தெடுத்திருப்பார்.