வெளியூர் வேலைக்குப் போவோரின் உரிமைகளை ஊருக்குக் கொண்டுவருவது எப்படி?

வளர்ச்சியில் பின்தங்கியவை என்று 2018-இல் மத்திய அரசு அறிவித்த ‘முன்னேற விழையும் மாவட்டங்களின்’ பட்டியலில் தமிழகத்திலிருந்து இடம்பெற்றவை இராமநாதபுரமும் விருதுநகரும். கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கத்து வானம் பார்த்த பூமியிலிருந்து திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்கும் கோவையின் வார்ப்பாலைகளுக்கும் பிழைக்கப் போகிறவர்கள் தங்கள் சம்பளத்தை மாதந்தோறும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் அந்தச் சம்பளத்தோடு சேர்த்து அவர்கள் ஈட்டிய ஓய்வூதியமும் மருத்துவக் காப்பீடும் வேலை பார்த்த ஊரிலேயே நின்றுபோகின்றன. தொழிற்சாலை நம் மாவட்டத்துக்கு வரும்போது வரட்டும். அதுவரை இந்த இழப்பையாவது தடுக்கலாம். ஊராட்சித் தலைவர்களும் மகளிர் குழுவினரும் அதைச் செய்யும் வழியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு நோட்டுப் போட வேண்டும். பொங்கலுக்கும் குலசாமி கும்பிடவும் எல்லோரும் ஊர் திரும்பியிருக்கும் நாட்களே அதற்கு உகந்தவை. பெயர், ஆதாரில் உள்ளபடி எழுத்து, வேலை பார்க்கும் ஊர், தொழில், தினக்கூலி, சம்பளச் சீட்டில் பிடித்தம் உண்டா, உண்டெனில் வைப்பு நிதிக் கணக்குக்கான யுஏஎன் எண், தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இஎஸ்ஐ-யின் எண் ஆகியவற்றை எழுதிக்கொண்டால் போதும். வேலைக்கென்று வாங்கிய முன்பணத்தையும் கேட்டு எழுதுங்கள். சொல்லத் தயங்குவார்கள், வற்புறுத்தக் கூடாது.

இனி வைப்பு நிதி. அதிகம் இழப்பது இதில்தான் என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சம்பளத்தில் நிறுவனம் தன் பங்காகச் செலுத்தும் 12 விழுக்காட்டில் 8.33 விழுக்காடு ஓய்வூதியக் கணக்குக்குப் போகிறது. பத்தாண்டுச் சேவை இருந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு. ஒரு பெண் நான்கு ஆண்டு தையல் வேலை பார்த்துவிட்டுப் பிரசவத்துக்கு ஊர் வருகிறார்; செலவுக்குப் பணம் வேண்டுமென்று, வைப்பு நிதியை எடுக்கும் 19-ஆம் படிவத்தோடு ஓய்வூதியப் பணத்துக்கான 10சி படிவத்தையும் கொடுத்து எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறார். மறுபடி மூன்று ஆண்டு, மறுபடி எடுப்பு; பிறகு இன்னொரு மூன்று ஆண்டு. உழைத்தது பத்து ஆண்டு. ஆனால் ஒவ்வொரு முறையும் கணக்கு பூச்சியத்திலிருந்து தொடங்கியதால் ஓய்வூதியம் இல்லை. அதே பெண் ஓய்வூதியப் பணத்தைத் தொடாமல், 10சி படிவத்தில், சேவை ஆண்டுகளைக் காத்துவைக்கும் திட்டச் சான்றிதழைக் கேட்டு வாங்கியிருந்தால், அல்லது பழைய சேவையைப் புதிய வேலைக்கு மாற்றியிருந்தால், திட்டத்தின் கணக்குப்படி 12,000 ரூபாய்ச் சம்பளத்தைச் சேவை ஆண்டுகளான பத்தால் பெருக்கி 70-ஆல் வகுத்து, மாதம் ஏறத்தாழ 1,714 ரூபாய் வாழ்நாள் முழுக்க வந்திருக்கும். அவசரத்துக்கு 19-ஆம் படிவப் பணத்தை எடுப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். 10சி-யில் பணத்துக்குப் பதிலாகச் சான்றிதழைக் கேளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

இன்னொரு முட்டுக்கட்டை பெயர். ஒரு நாள் எங்கள் உதவி மேசைக்கு ஓர் அம்மா பிளாஸ்டிக் பையில் மூன்று கம்பெனி அடையாள அட்டைகளோடு வந்தார். ஒன்றில் அப்பாவின் முதலெழுத்து, இன்னொன்றில் கணவரின் முதலெழுத்து, மூன்றாவதில் முதலெழுத்தே இல்லை. மூன்றுக்கும் மூன்று யுஏஎன். ஒருவருக்கு ஒரே எண்தான் இருக்க வேண்டும் என்பதால், தொழிலாளியும் நிறுவனமும் சேர்ந்து கையெழுத்திடும் கூட்டு உறுதிமொழிப் படிவம் கொடுத்துப் பெயரை ஆதாரோடு பொருத்தி, பழைய கணக்குகளைப் புதியதோடு சேர்க்க வேண்டியிருந்தது. வேலையை விட்ட தேதியை நிறுவனம் பதியாமல் விட்டிருந்தால், கடைசிச் சந்தாவுக்கு இரண்டு மாதம் கழித்துத் தொழிலாளியே இணையத்தில் பதிந்துகொள்ளலாம். வாரிசு நியமனத்தையும் இந்த வேலையோடு சேர்த்தே முடித்துவிடுங்கள். பணியில் இருக்கும்போது இறந்தால் 7 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. தீராத சிக்கல்களை, மாதந்தோறும் 27-ஆம் தேதி வைப்பு நிதி நிறுவனம் மாவட்ட அளவில் நடத்தும் முகாமுக்கு எடுத்துச் செல்லலாம்.

இஎஸ்ஐ-யில் இரண்டு செய்திகளை மட்டும் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். தொழிலாளி திருப்பூரில் இருந்தாலும், குடும்பத்துக்கென்று ஊருக்கு அருகிலுள்ள மருந்தகத்தைத் தேர்ந்துகொள்ளலாம். அடுத்தது நாள் கணக்கு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான அரையாண்டில் 78 நாட்களுக்குச் சந்தா இருந்தால்தான் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை நோய்க்காலத்தில் சம்பளத்தின் 70 விழுக்காடு, 91 நாட்கள் வரை கிடைக்கும். விதைப்புக்காக 75 நாளில் மூட்டை கட்டுகிறவரிடம், மூன்று நாள் பொறுத்து வரச் சொல்வது வெறும் அறிவுரையன்று; அவர் வீட்டுக்கு அது பணம்.

பிடித்தமே இல்லாத வேலைகளில் இருப்போர், அதாவது கட்டுமானம், தையல், பனைத்தொழில், வாகனம் ஓட்டுதல் போன்றவற்றில் உள்ளோர், தமிழக அரசின் தொழிலாளர் நல வாரியங்களில் பதிய வேண்டும். வயது 18-க்கும் 60-க்கும் இடையில் இருக்க வேண்டும். 59 வயதுக்காரரை முதலில் பதியுங்கள், ஏனெனில் 60 தாண்டினால் கதவு மூடிவிடும். பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பலருடைய அட்டை காலாவதியாகிப் பெட்டியடியில் கிடப்பதை நோட்டைப் போடும்போதே பார்ப்பீர்கள்.

ரேஷனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2020 அக்டோபரிலிருந்து தமிழகத்துக்குள் எந்தக் கடையிலும் கைரேகை வைத்து வாங்கலாம். பெங்களூரு போன்ற வெளிமாநில ஊர்களில் முன்னுரிமை அட்டைகளும், மிக வறியோருக்கான அந்தியோதயா அட்டைகளும் மட்டும் செல்லும்.

நோட்டில் எழுதிய தினக்கூலி விவரம் இன்னொரு வேலைக்கும் உதவும். பெயர்களை நீக்கிவிட்டு, எந்த ஊரில் எந்த வேலைக்கு என்ன கூலி, பிடித்தம் உண்டா இல்லையா என்பதை மட்டும் ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதிவையுங்கள். ஏஜெண்டு சொல்லும் கூலிதான் கூலி என்று நம்பிக் கிளம்புகிறவர், அந்தச் சுவரைப் பார்த்தபின் பேரம் பேசுவார். முன்பணத்தைக் காட்டி ஒருவரை வேலையிடத்திலிருந்து வெளியேற விடாமல் தடுத்துவைத்தால் அது 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி கொத்தடிமை முறை. அதைத் தாமதமின்றிக் கோட்டாட்சியரிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

பொங்கலுக்குத் தொடங்கிய நோட்டை மே 1 கிராம சபைக்கு எடுத்துப் போங்கள். எத்தனை பேருடைய கணக்கு இணைந்தது, எத்தனை அட்டை புதுப்பிக்கப்பட்டது, எவை நிலுவையில் உள்ளன என்று எண்ணிக்கையை மட்டும் வாசித்து, நிலுவைக்காகத் தொழிலாளர் துறை ஊரிலேயே முகாம் நடத்த வேண்டும் என்று தீர்மானம் எழுதி, அதை அத்துறையிடம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கி அதே நோட்டில் ஒட்டிவையுங்கள்.