இறுதிப்போட்டியும் ஞாயிறு ஆராதனையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் சபையில் எந்த ஞாயிறு யார் வேதபாடம் வாசிப்பது, யார் மைக் செட்டைப் பார்த்துக்கொள்வது, யார் காணிக்கை எடுப்பது என்ற முறைப்பட்டியலை நான்தான் எழுதுகிறேன். பெரிய போட்டித்தொடர் எது வந்தாலும் அந்தப் பட்டியலில் ஓட்டை விழும். புதிதாகப் பொறுப்பு எடுத்த இளைஞர்கள், அந்த வயதில் நான் செய்த அதே தவறுகளைச் செய்வதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. எனக்கும் ஆட்டம் என்றால் உயிர். ஆராதனையும் அப்படித்தான். ஜெபத்தின் நடுவே போனில் ஸ்கோர் பார்க்கக் கூடாது என்பது மாதிரி விஷயங்கள் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கடைசி வாரத்தில் தேதியைப் பார்ப்பது

“ஃபைனல் இந்த ஞாயிறா? கவனிக்கலையே” என்று வெள்ளிக்கிழமை இரவு ஒருவர் சொல்வார். கால்பந்து உலகக் கோப்பை இறுதி ஆட்டம் 2010, 2014, 2018, 2022 என நான்கு முறையும் ஞாயிற்றுக்கிழமைதான் நடந்தது. 2015, 2019, 2023 கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதிகளும் ஞாயிறுதான். விம்பிள்டன் ஆண்கள் இறுதியும் ஞாயிறு. அட்டவணை மாதக்கணக்கில் முன்பே கைக்கு வந்துவிடுகிறது.

1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை வந்ததால் ஓட மறுத்த எரிக் லிடெலின் கதையைப் பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். கடைசி நேரத்தில் விஷயம் தெரிந்து மறுத்தார் என்றே பலரும் சொல்கிறார்கள். உண்மையில் அட்டவணை அவருக்குப் பல மாதம் முன்பே தெரியும். அந்த மாதங்களில் 400 மீட்டருக்குப் பயிற்சி எடுத்தார், 47.6 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். 200 மீட்டரில் வெண்கலமும் கிடைத்தது. அவருடைய உறுதியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அந்தப் பயிற்சி மாதங்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன.

முன்பே தெரிந்தால் வழி இருக்கிறது. இரண்டு ஆராதனை நடக்கும் சபையில் மாலை முறையைக் காலைக்கு மாற்றிக்கொள்ளலாம். கத்தோலிக்கர்களுக்குச் சனிக்கிழமை மாலைத் திருப்பலியே ஞாயிறு கடமைக்குப் போதும். திருச்சபைச் சட்டமே அதை அனுமதிக்கிறது. ஆனால் ஞாயிறு மதியம் ஞாபகம் வந்தால் இந்த இரண்டு கதவும் மூடியிருக்கும்.

காய்ச்சல் என்று சொல்வது

இதைத்தான் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும். இன்றும் இது எனக்கு எரிச்சலைக் கிளப்புகிறது.

2010 ஜூலை 11. ஸ்பெயினும் நெதர்லாந்தும் மோதிய இறுதி ஆட்டம். அன்று மாலை ஆராதனையில் வேதபாடம் வாசிக்கும் முறை என்னுடையது. அப்போது சபையில் பட்டியல் எழுதிவந்த அம்மாவுக்கு மதியம் போன் செய்து, “உடம்பு சரியில்லைம்மா, காய்ச்சல்” என்றேன். “சரி தம்பி, நல்லா படுத்துத் தூங்கு” என்றார். அவ்வளவுதான். வேலை சுலபமாக முடிந்தது என்று நினைத்தேன்.

ஆட்டம் 90 நிமிடத்தில் முடியவில்லை. கோல் இல்லாமல் கூடுதல் நேரத்துக்குப் போனது. அதிலும் இரண்டாம் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது அழைப்பு மணி அடித்தது. டிவியை அணைத்துவிட்டுப் போர்வையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தேன். அந்த அம்மா நின்றிருந்தார். ஆராதனை முடிந்து நேராக நடந்து வந்திருக்கிறார். வயது எழுபதைத் தாண்டியவர், அந்த மாதம்தான் கண் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். உள்ளே வந்து உட்கார்ந்தார். புறங்கையை என் நெற்றியில் வைத்துப் பார்த்தார். கை குளிர்ந்து, லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. “சூடு இறங்கிடுச்சு, ஸ்தோத்திரம்” என்று சொல்லிக் கண்ணை மூடி எனக்காக ஜெபித்தார். அவர் போன பிறகு டிவியைப் போட்டால், ஸ்பெயின் வீரர்கள் கோப்பைக்காகக் காத்திருக்கிறார்கள். 116ஆவது நிமிடத்தில் இனியெஸ்டா அடித்த அந்த ஒரே கோலை நான் பார்க்கவில்லை.

அதோடு முடியவில்லை. என் இடத்தில் வாசிக்க வேறு ஆள் கிடைக்காமல் அவரே எழுந்து வாசித்திருக்கிறார். எழுத்து கண்ணுக்குச் சரியாகத் தெரியாமல் இரண்டு இடத்தில் நின்று நின்று வாசித்தாராம். அடுத்த ஞாயிறு, நோயுற்றோருக்கான ஜெபத்தில் போதகர் என் பெயரையும் வாசித்தார். மூன்றாவது வரிசையில் ஆரோக்கியமாக உட்கார்ந்திருந்த எனக்காகச் சபையே ஆமென் சொன்னது. எனக்கு முன்னால் வாசித்த பெயர் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த ஒருவருடையது.

அந்த வாரமே அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “ஆட்டம் பாக்கணும்னு சொல்லியிருந்தா காலை முறையில உன்னைப் போட்டிருப்பேனே தம்பி. அதுக்கா காய்ச்சல்னு சொன்ன?” என்றார்.

இன்று அந்தப் பட்டியல் நோட்டு என் கையில் இருக்கிறது. அதனால் மறுபக்கமும் தெரிகிறது. பெரிய ஆட்டம் வரும் வாரம் மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் வயிற்றுவலி வந்தால் எனக்குப் புரியாமல் இல்லை. யாரையும் கேட்பதும் இல்லை. ஆனால் அடுத்த மாதப் பட்டியலை எழுதும்போது கை தானாகவே நம்பகமான நான்கு பேரின் பெயர்களை எழுதுகிறது. அந்த நான்கு பேர் ஒரு வருடத்தில் களைத்துப்போகிறார்கள். பொய் சொன்னவருக்கு முறையே வருவதில்லை, அவர் மெதுவாகக் கடைசி வரிசைக்குப் போகிறார், அப்புறம் வருவதே குறைகிறது. ஒரு ஆட்டத்துக்காகச் சொன்ன பொய் ஒரு ஆளையே சபையிலிருந்து கொண்டுபோனதை நான் இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. மூன்று வாரம் முன்பே பட்டியல் எழுதுபவரிடம் போய், “அன்று மாலை ஃபைனல் பார்க்க ஆசை. எனக்குப் பதிலாக இவர் வாசிக்க ஒப்புக்கொண்டார், அவருடைய முறையை நான் எடுத்துக்கொள்கிறேன்” என்று சொல்லுங்கள். மாற்று ஆளை நீங்களே பிடித்துக்கொண்டு போவது முக்கியம். ஆட்டம் பிடிக்கும் என்று சொல்வதில் வெட்கம் எதற்கு? பவுல் அப்போஸ்தலனே பந்தய மைதானத்தில் ஓடுகிறவர்களை உதாரணம் காட்டித்தான் கொரிந்தியருக்கு எழுதினார்.

கடைசி வரிசையில் உட்கார்ந்து பாதியில் நழுவுவது

முழுதாக வாருங்கள், அல்லது முன்பே சொல்லிவிட்டு வராமல் இருங்கள்.

ஆராதனை நேரத்தை மாற்றச் சொல்வது

கேட்காதீர்கள். ஆட்டத்தில் ஆர்வமே இல்லாதவர்களும் சபையில் இருக்கிறார்கள்.

பிள்ளையின் ஆட்டத்தை அந்தந்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது

உங்கள் பிள்ளையே அணியில் ஆடுகிறது, ஆட்டங்கள் ஞாயிறு காலை என்றால், பயிற்சியாளரிடம் பேச வேண்டிய நேரம் பெயர் கொடுக்கும் நாள். எந்த ஞாயிறுகளில் வர முடியும், எவற்றில் முடியாது என்று அப்போதே சொல்லிவிட்டால் அவர் அதற்கேற்ப அணியை அமைப்பார். ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு சொன்னால் திட்டு வாங்குவது பிள்ளைதான். ஷூவைக் கழற்றச் சொல்லிக் காரில் ஏற்றிக் கூட்டிவரும் பிள்ளை, அன்று பாட்டும் பாடாது, பிரசங்கமும் கேட்காது. என் மகன் அப்படி ஒரு ஞாயிறு முழுவதும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

உங்கள் முடிவை மற்றவர் தலையில் கட்டுவது

நியூசிலாந்து ரக்பி வீரர் மைக்கேல் ஜோன்ஸ் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட மறுத்தவர். 1991 உலகக் கோப்பை அரையிறுதி ஞாயிறு வந்ததால் அவர் களமிறங்கவில்லை, நியூசிலாந்து 16-6 என்று ஆஸ்திரேலியாவிடம் தோற்றது. மும்முறைத் தாண்டுதல் வீரர் ஜோனதன் எட்வர்ட்ஸும் அதே காரணத்துக்காக அதே ஆண்டு டோக்கியோ உலகத் தடகளப் போட்டியை விட்டார். ஆனால் 1993இல் ஞாயிறும் போட்டியிடலாம் என்று முடிவு செய்தார், 1995இல் 18.29 மீட்டர் தாண்டி உலக சாதனை படைத்தார். இருவருமே அந்த நேரத்தில் மனசாட்சிப்படி முடிவெடுத்தார்கள் என்றே நான் நம்புகிறேன். வீட்டில் ஆட்டம் பார்த்தவரை அடுத்த வாரம் வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்காதீர்கள்.

பதிவு செய்து பார்ப்பதை அரைகுறையாகச் செய்வது

2022 கால்பந்து உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை ஆராதனை முடிந்து வந்துதான் பார்த்தேன். போனை அணைத்து மேஜை டிராயரில் போட்டுவிட்டு, முடிவைச் சொல்லக் கூடாது என்று வீட்டாரிடமும் சொல்லிவைத்திருந்தேன். 79 நிமிடம் வரை அர்ஜென்டினா 2-0. அடுத்த இரண்டு நிமிடத்தில் பிரான்ஸின் எம்பாப்பே இரண்டு கோல் அடித்தபோது என் நெஞ்சு நேரலை பார்த்தவர்களுக்கு அடித்த மாதிரியே அடித்தது.

ஒரே ஒரு விஷயம். பதிவு நிற்கும் நேரத்தை, ஆட்டம் முடிய வேண்டிய நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரமாவது தள்ளி வையுங்கள். கூடுதல் நேரம் மட்டுமே 30 நிமிடம், அதற்கு மேல் பெனால்டி. அன்று நான் அப்படி வைத்திருந்ததால்தான், 3-3 ஆன பிறகு அர்ஜென்டினா பெனால்டியில் 4-2 என்று ஜெயித்ததையும் பார்க்க முடிந்தது.